ஊருணிக்குள் உட்கார்ந்த வண்டி

மதிப்பிற்குரிய மச்சான் நாகநாதன் அவர்களுக்கு, தங்கப்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். மண் அள்ளும் வண்டிதான் சுகமில்லை. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் கடிதம்.

ஊருணியைத் தூர்வாரித் தருகிறேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்து, தங்கச்சிமடத்தில் பழைய வண்டி வாங்கினேன் அல்லவா? ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊருணி நடுவில் புகையைக் கக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டது. விற்றவரைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். பிறகுதான் ஏர்வாடி மெக்கானிக் சீனி முகம்மது வந்து என்ஜினைப் பிரித்தார். உள்ளே தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்புப் படிந்து அடைத்திருந்தது. "அண்ணே, ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துனீக?" "போர் தண்ணிதான்." "அதான் சூடு தாங்காம பிஸ்டன் புடிச்சிருச்சு. மாத்திரலாம். ஆனா நல்ல தண்ணி ஊத்தலேன்னா மறுபடியும் இதே கதைதான்." நல்ல தண்ணீரை நான் கேட்காமலா இருந்தேன்? வண்டி வந்த அன்றே, ஊருணி மூலையில் மிச்சம் கிடந்ததில் ஒரு குடம் எடுக்கப் போனேன். காவலுக்கு நின்ற உலகம்மாள் விடவில்லை. "குடிக்கிற தண்ணிய வண்டிக்கா ஊத்துவீக? ருசி பாக்க அதுக்கு நாக்கா இருக்கு?" "ஊருணியத் தோண்டுறதே அதுதானே, ஆத்தா!" "தோண்டட்டும். மழை பேஞ்சு நெறைஞ்சப்பறம் குடிக்கட்டும்." நேற்றுப் போய்க் கேட்டபோதும் அதே பதில்.

அப்போதுதான் நம் பழைய டிராக்டர் நினைவுக்கு வந்தது, மச்சான். அத்தனை வருஷத்தில் ஒரு நாள் சூடானதில்லை. என் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், நீங்களும் நம்பினீர்கள். உங்கள் தங்கை துர்காதேவி மழைக்கு மழை கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துத் துணி கட்டி மூடிவைப்பாள். "அது வண்டிக்கு, யாரும் மோந்துராதீக" என்பாள். "எனக்கு உப்புத் தண்ணி, வண்டிக்கு மழைத் தண்ணியா?" என்று கேலி செய்வேன். "வண்டி கோவிச்சா நின்னுரும். நீங்க கோவிச்சாலும் சோத்துக்கு வந்துருவீகள்ல!" அவள் கண்ணை மூடியதிலிருந்து அண்டா பரணில் கவிழ்ந்து கிடக்கிறது. அவள் இல்லாத வீட்டில் என்ஜின் எப்படி ஓடும்?

ஆகவே எனக்கும் என்ஜினுக்கும் இனி ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்தால் ஊர் குடிக்கும் தண்ணீரில் டீசல் மிதக்கும். அதற்குள் மதுரையில் உங்களுக்குத் தெரிந்த பழைய இரும்புக்காரரை அனுப்புங்கள், வெட்டி அள்ளிப் போகட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நீடு வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கப்பாண்டி

பின்குறிப்பு: இரும்புக்காரர் வேண்டாம். உறையை ஒட்டுமுன் ஒரு சின்ன மழை. பரணிலிருந்து அண்டாவை இறக்கிக் கூரையடியில் வைத்தேன், நிறைந்துவிட்டது. சீனி முகம்மதுவைப் பிஸ்டனோடு வரச் சொல்லியாயிற்று. உலகம்மாள் சொம்போடு வந்து அண்டாவை எட்டிப் பார்த்தாள். "அது வண்டிக்கு, யாரும் மோந்துராதீக" என்று சொல்லிவிட்டேன், மச்சான்.