மாடியிலிருந்து கத்திய ஓ.டி.பி.

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. வாசக்கதவுல மாட்டின ஸ்மார்ட் பூட்டுக்கு அக்கவுன்ட் தொறந்து, என் போன்ல சேர்க்கணும்.

எங்க வீடு திருத்தணி மலைக்குப் பின்பக்கம். வைஃபை கீழ, சிக்னல் மொட்டை மாடியில. அதனால ஓ.டி.பி. வர்றதுக்கு எங்க பாவா நம்பரைக் குடுத்தேன். பாவான்னா அக்கா வீட்டுக்காரர். அவர் போனோட மாடி ஏறினார். நான் பூட்டுப் பக்கத்துல நின்னேன்.

"வந்துட்ச்சும்மா! நாலு! ஒம்போது! ரெண்டு! ஏழு!"

தெருவே திரும்பிப் பாத்துச்சு.

"இரும்மா, இன்னும் போட்டுக்கீது! இந்த நம்பரை யாருக்கும் சொல்லாதீங்கன்னு!"

அதையும் கத்தினார்.

அடுத்து பாஸ்வேர்டு. என் புத்தி எங்க போச்சோ, நானும் பதிலுக்குக் கத்தினேன்.

"தணிகைன்னு இங்கிலீஷ்ல வெச்சிட்டேன் பாவா! மொத எழுத்து பெருசு! பின்னாடி என் வண்டி நம்பர்! கடைசியில ஒரு நட்சத்திரம்!"

"மறந்துடாதம்மா!"

"நான் மறப்பேனா!"

திங்கக்கிழமை காலையில அடுப்புல பால் வெச்சிட்டு கோலம் போட வந்தேன். கதவு தானா பூட்டிக்கிச்சு. விரலை வெச்சேன். விரல் பூரா கோலமாவு! பூட்டுக்கு என்னை அடையாளம் தெரியல. அஞ்சு தடவை தேய்ச்சதும், ஆப்ல வந்து தொறன்னு சொல்லிடுச்சு. ஆப் பாஸ்வேர்டு கேட்டுச்சு.

மறந்துட்டேன்!

சாவி? பத்திரமா உள்ள இருக்கு. பாஸ்வேர்டு மாத்துற ஓ.டி.பி. வர்ற பாவா போன்? அவரோட ஊருக்குக் கெளம்பிடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. உள்ள பால் பொங்குற வாசனை.

எதிர்த்தாப்புல இஸ்திரி வண்டி மணியண்ணன் கரி போட்டுக்கினே கேட்டார். "இன்னா தங்கச்சி, தொறக்கலையா? தணிகை, மொத எழுத்து பெருசு..."

காய்க்காரம்மா கூடையை எறக்கினாங்க. "அப்பால வண்டி நம்பரு. எழுவத்தி மூணு பதினெட்டு."

"நட்சத்திரத்த வுட்டுடாதீங்க ஆன்ட்டி!" ஸ்கூல் வேனுக்கு நின்னுகினு இருந்த பொண்ணு.

கதவு தொறந்துச்சு. பாதி பால் தப்பிச்சுது. அவமானம் தாங்கல. அன்னிக்கே பாஸ்வேர்டை மாத்தினேன். ரூம் கதவை சாத்திக்கிட்டு, வாயைத் தொறக்காம.

இன்னிக்குக் காலையில மறுபடி கோலம், மறுபடி மாவு, மறுபடி ஆப் பாஸ்வேர்டு கேக்குது. மணியண்ணன்கிட்ட ஓடினேன்.

"புச்சு எனக்கு எப்டிம்மா தெரியும்? நீ சொல்லவே இல்லியே!"

இதை அவர் வண்டியில சாஞ்சுதான் டைப் பண்றேன். பால் இன்னும் அடுப்புலதான் இருக்கு.