அனுபோகம் ஐயாவும் ஐந்து கம்பிச் சக்கரங்களும்

காரைக்காலில் அனுபோகம் ஐயா படுத்துப் பார்க்காத கட்டிலும் கிடையாது, உட்கார்ந்து பார்க்காத நாற்காலியும் கிடையாது. தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய தொழிலே அதுதான். பாகப்பிரிவினை, ஏலம், வாரிசுத் தகராறு என்று எது வந்தாலும் பொருள்களுக்கு மதிப்புப் போடுகிறவர் அவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அந்த வேலைக்கு 'எக்ஸ்பேர்' என்று பெயர். கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியும் அவர் அந்தப் பெயரைத்தான் கையெழுத்துக்குக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

"அனுபோகம் பண்ணிப் பாக்காம வெல சொல்றது பொய் சாட்சிங்க" என்பார். அதனால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆட்டுக்கல்லுக்கு மதிப்புக் கேட்டால், அரிசி உளுந்து ஊறவைக்கச் சொல்லி, அரைத்து, மறுநாள் காலை தோசை பன்னிரண்டு சாப்பிட்டுவிட்டு, "கல்லு கொஞ்சம் நொறுநொறுன்னு அரைக்குது" என்று எழுதுவார். கொசுவலைக்குள் படுத்து எழுந்து, "மூன்று கொசு உள்ளே வந்தன, அவற்றில் ஒன்று மூலையிலிருந்த கிழிசல் வழியாக" என்று அறிக்கை கொடுத்தார். மீன்பிடிப் படகுக்கு மதிப்புப் போடக் கடலுக்குள் போனவர், வாந்தி எடுத்துக்கொண்டே அலையை எண்ணினாராம். காலமாகிவிட்ட ஒரு துரையின் பல் செட் ஒருமுறை ஏலத்துக்கு வந்தது. அதை மட்டும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார். நாங்கள் ஒருவரும் நம்பவில்லை.

நான் அப்போது நொத்தேர் ஆபீசில் குமாஸ்தா. சொத்துப் பத்திரமும் பாகப்பிரிவினையும் எழுதுகிற இடம் அது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அந்த ஆறாவது மாதத்தில்தான் என் கையால் அந்தக் காரியம் நடந்தது.

சைகோனில் வியாபாரம் செய்த ஒரு மரைக்காயர், அங்கே ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிய இத்தாலிக் காரைக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். நீளமான மூக்கு, சைக்கிள் சக்கரம் மாதிரி மெல்லிய கம்பிகள் பின்னிய சக்கரங்கள். யார் ஓட்டுவது என்று பிள்ளைகள் ஹனீபாவும் ரசாக்கும் தினம் சண்டை போட, பெரியவர் ஒருநாள் சக்கரங்களைக் கழற்றிக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார். கார் நாலு மரக்கட்டைமேல் நின்றது. அவர் காலமானதும் சொத்துப் பட்டியல் எழுத நான் போனேன். கொட்டகையில் கார் இருந்தது; "கார் ஒன்று" என்று எழுதினேன். கிடங்கில் சக்கரம் இருந்தது. "கம்பிச் சக்கரம் ஐந்து" என்று தனியாக எழுதினேன். கொட்டகையும் அதிலுள்ளதும் மூத்தவர் ஹனீபாவுக்குப் போயின. கிடங்கும் அதிலுள்ளதும் இளையவர் ரசாக்குக்குப் போயின.

எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாருக்கு என்ன கிடைத்தது என்பது விளங்கியது. அண்ணன் தம்பி பேச்சு நின்று ஏழு மாதம் ஆகியும் தகராறு தீரவில்லை. நொத்தேர் என்னைக் கூப்பிட்டு, "இது தீந்தா நீ இருக்கே. தீரலேன்னா வேற வேல பாத்துக்க" என்றார்.

சக்கரத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு, அண்ணன் அந்தத் தொகையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அதற்காக அனுபோகம் ஐயாவை அழைத்தோம். வந்தார். சக்கரத்தை உருட்டினார். டீ கலக்குகிற கரண்டியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். இறுக்கமான கம்பி 'டிங்' என்றது. தளர்ந்தது 'டொக்' என்றது. ஒரு பகல் முழுக்கத் தட்டினார். ஐந்தாவது சக்கரத்தில் ஏழு கம்பி டொக். அதை ஸ்டெப்னிக்கு என்று ஒதுக்கிவிட்டு, "சரி, மாட்டுங்க. ஓட்டிப் பாத்துட்டுத்தான் வெல" என்றார்.

வந்தது வினை. காரில் மாட்ட வேண்டுமென்றால் ரசாக் சக்கரத்தை அண்ணன் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். "ஒவ்வொண்ணாத்தான் தருவேன். அது திரும்பி வந்த பொறவுதான் அடுத்தது" என்றார் அவர்.

"ஒத்தச் சக்கரத்துல கார் ஓடுமாங்க?" என்று ஐயா கேட்டார். கோபமாக இல்லை. ஓடுமானால் தெரிந்துகொள்ளலாமே என்கிற ஆவலோடு கேட்டார். ரசாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தையும் அனுப்பினார்.

அந்தக் காரில் சக்கரத்துக்கு நாலைந்து நட்டு கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டு. ஈயச் சுத்தியலால் காதில் தட்டி இறுக்க வேண்டும். நட்டு காரோடு இருந்ததால் அது ஹனீபாவின் பாகம். துண்டில் முடிந்து எடுத்து வந்தார். இடது பக்கம் இரண்டும் சமர்த்தாக ஏறின. வலது பக்கம் ஏறவே மறுத்தது. துறைமுகத்து ஆட்கள் மூன்று பேர் மாறி மாறிச் சுத்தியலைத் தூக்கினார்கள்.

"நிறுத்துங்கப்பா!" என்று ஐயா கத்தினார். நட்டின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரலால் திருகினார், எடுத்தார், மரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். சாயங்காலம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்தபோது முகமெல்லாம் வெளிச்சம்.

"வலப்பக்கத்து மரை தலைகீழுங்க! ரெண்டு பக்கமும் வண்டியோட பின்பக்கம் பாத்துத் தட்டினா இறுகும். முன்பக்கம் பாத்துத் தட்டினாக் கழரும். ஓடுற ஓட்டத்துல நட்டு கழராம இருக்க இத்தாலிக்காரன் என்னமா யோசிச்சிருக்கான்!"

அன்றைக்குக் கடைத்தெருவில் அவரிடம் மாட்டாதவர் இல்லை. சோடாக் கடை, தையல் கடை, தபால்காரர், எல்லாருக்கும் மரை எந்தப் பக்கம் திரும்பும் என்று கையைச் சுழற்றிக் காட்டினார். மறுநாள் மூன்றாவது நட்டை ஆட்கள் அடித்தார்கள். நாலாவதை, வலது முன் சக்கரத்தை, "நான் அடிக்கிறேன்" என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார்.

பஸ் கம்பெனி மெக்கானிக் ஒருவர் இஞ்சினுக்கு உயிர் கொடுத்தார். ஒருநாள் காலையில் புறப்பட்டோம். ஹனீபா ஓட்டினார். 'என் சக்கரம் போற எடத்துக்கு நானும் போவேன்' என்று ரசாக் பக்கத்தில் ஏறினார். பின்னால் ஐயாவும் நானும்.

"மொள்ளப் போவச் சொல்லுங்க" என்றார் ரசாக், எங்களைத் திரும்பிப் பார்த்து.

"வாய மூடிக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார் ஹனீபா, எங்களிடமே.

ஐயா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். தருமபுரம் தாண்டி, ஒரு பக்கம் வாய்க்கால் ஓடுகிற இடத்தில், முன்னால் 'களக், களக்' என்று ஒரு சத்தம்.

"காக்கா, நிப்பாட்டுங்க! ஒங்க பக்கத்துச் சக்கரம் கழருது!"

எட்டு மாதத்தில் தம்பி அண்ணனைக் காக்கா என்று கூப்பிட்டு நேராகப் பேசிய முதல் வார்த்தை. கார் வாய்க்கால் கரையில் குலுங்கி நின்றது. வலது முன் சக்கரம் இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. ரசாக் இறங்கிச் சுற்றி ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"ஒண்ணுமில்லடா." ஹனீபாவின் கை ஸ்டியரிங்கை விடவில்லை. தம்பிதான் விரல்களைப் பிரித்து விட்டார்.

ஐயா இறங்கி வந்தார். "அந்த நட்ட அடிச்சது நான்தாங்க. மரை வெவரம் தெரிஞ்சுது, கையில பலமில்ல. ஆளுங்கள அடிக்க விட்டிருக்கணும். ரெண்டு பேரும் மன்னிக்கணும்" என்று கைகூப்பினார். அவ்வளவு சின்னவராக அவரை நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் தம்பி இருவரும் வேலையில் இறங்கினார்கள். ஜாக்கி வைத்து, ஒருவர் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் சுத்தியலால் தட்டினார். "பின்பக்கம் பாத்து, காக்கா, பின்பக்கம்!" என்று ரசாக் சொன்னது வயல்வரை கேட்டிருக்கும்.

ஐயா அறிக்கையில் காருக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே தொகை எழுதினார். பிரித்துக் காட்டத் தனக்குத் தெரியவில்லை என்றார். நொத்தேர் குதித்தார். ரசாக் தடுத்துவிட்டார். "சக்கரம் காக்காகிட்டயே இருக்கட்டும். ஜும்மாவுக்கு என்னயும் ஏத்திக்கிட்டுப் போவச் சொல்லுங்க." இந்த முறையும் எங்களிடம்தான் சொன்னார். ஆனால் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அறிக்கையை நகல் எடுக்கிற வேலை எனக்கு. கடைசிப் பக்கத்தில் வழியில் நடந்ததை மறைக்காமல் எழுதி, 'மதிப்பீட்டாளரின் தவறு' என்று குறித்திருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'பட்டியல் எழுதிய குமாஸ்தா சக்கரங்களைத் தனியே எழுதியது பிழையன்று, அவர் பார்த்த அன்று அவை தனியாகத்தான் இருந்தன.'

எனக்காகப் பேசும்படி அவரை நான் கேட்டதே இல்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ஒனக்கு வேற வேல இல்லியா? மை காயறதுக்குள்ள போயி எழுது" என்று குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்றைக்கு ஆபீஸ் முடிகிறவரை, தெருவில் எந்தக் குடை போனாலும் அவரோ என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.