மீன் மணத்த வால்வெள்ளி

பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் வாங்க ஆசைப்படும் தாய்க்கு, அன்றைக்கென்று பார்த்து மூளை லீவு போட்டுவிடும். எனக்குப் போட்டது.

2006 வசந்த காலத்தில் ஒரு வால்வெள்ளி துண்டு துண்டாக உடைந்தபடி பூமிக்குக் கிட்டவாகக் கடந்துபோனது. லண்டன் செவன் கிங்ஸில் மூன்றாம் வகுப்புப் படித்த என் மகள் ஆரணியின் ஆசிரியை, அதைப் பற்றிப் பேசப் பெற்றோர் யாராவது வரமுடியுமா என்று கேட்டிருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்தவள். (இங்கே கடைக் கல்லாவில் நின்றது வேறு கதை.) விடுவேனா?

ஆரணி மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டாள்.

"அம்மா, வகுப்பில தமிழ் கதைக்காதேங்கோ. எல்லாரும் சிரிப்பினம். ப்ராமிஸ்?"

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். என்னால் அவள் வெட்கப்படக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

வால்வெள்ளி என்பது பெரிய அழுக்குப் பனிக்கட்டிதான். தண்ணீர், மண், கொஞ்சம் சீனிப்பாணி, உறையவைத்த கரியமில வாயுவான டிரை ஐஸ் எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் மேசையிலேயே ஒன்று செய்யலாம். டிரை ஐஸ் மீன்கடை அண்ணையிடம் இருந்தது. உறைந்த மீன் பெட்டிகளோடு அவருக்கு வருவது.

"மீன் மணக்கும் தங்கச்சி, பரவாயில்லையோ?"

"விஞ்ஞானத்துக்கு மணம் ஒரு பிரச்சினையே, அண்ணை?" என்றேன், பெரிய மேதை மாதிரி.

வகுப்பில் பிள்ளைகள் தரைவிரிப்பில் சம்மணமிட்டு இருந்தார்கள். கையுறை போட்டுப் பிசைந்தேன். (உற்சாகத்தில் தண்ணீரைக் கண்டபாட்டுக்கு ஊற்றிவிட்டேன்.) வெள்ளைப் புகை பொங்கி, மேசையால் வழிந்து, தரையில் தவழ்ந்து, பிள்ளைகளைக் கழுத்துவரை மூடியது. அவ்வளவும் மீன் மணம். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஆசிரியை யன்னல்களைத் திறந்தார். வால்வெள்ளி என் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலம் முழுவதும் என்னைக் கைவிட்டு ஓடிப்போனது.

உண்மையான வால்வெள்ளியும் இப்படித்தான் நாறுமா என்று ஒரு பையன் மூக்கைப் பிடித்தபடி கேட்டான். பதில் தெரியும். வாயில் வந்தது தமிழ்தான்.

"இதைவிட மோசம். அழுகின முட்டை மாதிரி."

ஆரணியின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, அதை ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. யாரும் போய் முகர்ந்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்று ஆசிரியை கேட்டார்.

"அதில இருந்து வாற ஒளியையும் ரேடியோ அலையையும் பிரிச்சுப் பாப்பினம். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒவ்வொரு அடையாளம் இருக்கு."

ஆரணி அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "இன்னும் சொல்லுங்கோ அம்மா," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (புகை என்று சமாளித்தேன்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குப் பெயர் வால்வெள்ளி. போன மாதம் ஆரணி தன் காதலனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வெள்ளைக்காரப் பிள்ளை. வாசலில் நின்று குழம்பு மணத்தை மூக்கால் இழுத்தவன், நாக்கை மடிக்கப் பெரும்பாடு பட்டு, "வால்வெள்ளி?" என்றான்.

ஆரணி அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் தமிழ்ச் சொல் அதுதானாம்.