பிளேன் அண்ணை விட்ட விமானம்

விமானத்தைக் கண்டுபிடிக்க நூறு வருடம் பிந்திப் பிறந்துவிட்டேனே என்று உண்மையாகவே கவலைப்பட்டவர், மொன்றியல் தமிழர்களுள் பிளேன் அண்ணை ஒருவர்தான். லவாலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் மனைவி மேரியக்காவுக்கும் குடிவரவு அதிகாரிகளுக்கும் மட்டுமே தெரியும்.

முதல் விமானத்தைச் செய்த சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் என்பது அவருக்குப் பெரிய தென்பு. "அவைக்கு எஞ்சின் செய்து குடுக்க ஒருத்தரும் வரேல்லை. தங்கட கடையிலயே செய்தவை. கோப்பை கழுவுறவன் செய்தா என்ன?" என்பார்.

ஒரு ஞானஸ்நான விருந்தில் விளக்கம் சூடு பிடித்தது. "எழும்பிறது லேசு, சரியாமத் திருப்பிறதுதான் கஷ்டம். ஒருநாள் அண்ணன்காரன் வெறும் அட்டைப்பெட்டி ஒண்டை முறுக்கினான், வழி பிடிபட்டிட்டுது. இந்தா, இப்பிடி!" என்று மேசையில் இருந்த பெட்டியை எடுத்து முறுக்கினார். அது வெறும் பெட்டி அல்ல. உள்ளே பிள்ளையின் பெயர் எழுதிய கேக் இருந்தது. அன்று எல்லோரும் கேக்கைக் கரண்டியால் சாப்பிட்டோம்.

முதல் பறப்புக்கு நூறு வயதான 2003 மார்கழியில், தானே ஒன்று செய்யத் தொடங்கினார். ஆள் ஏறாத சின்ன விமானம். ஈரடுக்கு இறக்கை, புல் வெட்டும் கைமெசினின் எஞ்சின், சில்லுக்குப் பதில் சறுக்குக்கட்டை. இறக்கைக்குத் துணி வேண்டுமே? வரவேற்பறைத் திரைச்சீலையை வெட்டிவிட்டார்.

மேரியக்கா தையல் ஆலையில் வேலை முடிந்து வந்து, வெறும் யன்னலைப் பார்த்தார்.

"பறக்காட்டி எல்லாத்தையும் குப்பையில போடுவன். பேந்து இந்த வீட்டில பிளேன் கதையே இருக்கக்கூடாது!"

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. "ஓம்" என்றார்.

மேரியக்கா இறக்கைக்குக் கிட்டப் போனார். "உதென்ன தையல்? சாக்குத் தைச்ச மாதிரி. நாலு சனம் பாக்கப்போற சாமான். தள்ளுங்கோ!" முழுவதையும் பிரித்துத் தன் மெசினில் திரும்பத் தைத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஆற்றோரப் பூங்காவுக்கு மூவரும் என் காரில் போனோம். விமானம் துண்டு துண்டாகப் பெட்டியில் வந்தது. அங்கேதான் பூட்டினார். எஞ்சின் மூன்று தரம் இருமி, நாலாம் தரம் பிடித்தது. விமானம் பனியில் சறுக்கி ஓடி, எழும்பியது! நாயோடு உலாத்திய பிரெஞ்சுக்காரி ஒருத்தி கைதட்டினாள். நேரே போய் மேப்பிள் மரத்தில் முட்டி விழுந்தது.

அண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றார்.

மேரியக்காதான் முழங்காலளவு பனியில் ஓடினார். இறக்கையைத் தூக்கி விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு தையலும் விடேல்லை!"

"பறந்தது தானே, மேரி?"

"பறந்தது, பறந்தது. மூக்குத்தான் பாரம். குறையுங்கோ."

இனி அதைக் கழற்ற அண்ணைக்கு மனமில்லை. முழுசாகவே காருக்குள் ஏற்றினார். அவர்கள் இருவரும் ஏறியதும் எனக்கு இடமில்லை. சாவியை அண்ணையிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். மனம் இன்னும் அந்தப் பறப்பிலேயே இருந்தது. அந்தக் குளிரிலும், வீடு இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.