சொல்ல முடியாத பாஸ்வேர்டு

எங்கள் கல்யாண வீடியோவை யார் கண்ணிலும் படாமல் பூட்டிவைப்பது என்று சபதம் எடுத்தேன். முக்கியமாக என் மச்சினன் நிலவழகன் கண்ணில்.

விஷயம் இதுதான். தாலி கட்டும்போது நான் அழுதுவிட்டேன். பெண் அழுதால் ஊர் வழக்கம் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் கல்யாணத்தில் பெண் கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தாள், மாப்பிள்ளை நான் விசும்பினேன். 'ஓமப் புகை' என்று மேடையிலேயே அறிக்கை விட்டேன். கறம்பக்குடி மாமனார் வீட்டில் ஒன்பது வருடமாக அந்தப் புகையை நம்பித்தான் தலைநிமிர்ந்து சாப்பிட்டு வருகிறேன். ஆனால் வீடியோவில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. டேபிள் ஃபேன் மொத்தப் புகையையும் ஐயர் பக்கம் தள்ளுகிறது. ஐயர் அழவில்லை.

டிவிடி பிளேயர் செத்துப்போனதால் இத்தனை காலம் தப்பித்தேன். அதற்கும் வந்தது ஆபத்து.

"என்னங்க, தம்பி குவைத்துலேருந்து பேசுனான். நம்ம பாப்பாவோட விராலிமலைக் காதுகுத்துக்கு வாரதுக்குள்ள நம்ம வீட்டு போட்டோ, வீடியோ எல்லாத்தையும் பாக்கணுமாம். ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள் என் மனைவி பொற்கொடி.

"சரி" என்றேன். அவள் எதைக் கேட்டாலும் என் வாய் என்னைக் கேட்காமலே 'சரி' சொல்லிவிடும். பிறகுதான் எனக்கே விஷயம் தெரியவரும்.

பொன்னமராவதியில் ஒரு பைப் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவன் நான். யூடியூபைப் பார்த்து வேலையில் இறங்கினேன். திரை உடைந்த பழைய லேப்டாப்பை ஃபிரிட்ஜ் மேல் ஏற்றினேன். ஒரு ஹார்ட் டிஸ்கை மாட்டினேன். குடும்பத்துப் படங்கள், அப்பா பார்க்கும் பழைய சினிமாக்கள் எல்லாம் அதற்குள் போயின. வீட்டு சர்வர் தயார். டிவியிலும் பார்க்கலாம், குவைத்திலும் பார்க்கலாம்.

நெட்டில் திறந்துபோட்டால் ஊரே எட்டிப்பார்க்கும். அதனால் சொந்தக்காரர்களின் போன்களுக்கு மட்டும் தனி வழி. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. யார் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்பவர் அட்மின். அந்த அட்மின் நான். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பதவி.

"கல்யாண வீடியோவைக் காணோமே?" என்றாள் பொற்கொடி, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டிஸ்க்ல கீறல் விழுந்துருச்சும்மா."

"பட்டுச்சேலைக்குள்ள சுத்தி வச்சிருந்தேன். யாரு கீறுனா?"

"காலம்தான்."

"அட்மினுக்குன்னு ஒரு பெட்டி பூட்டிக் கெடக்கே, அதுல என்ன?"

"அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது."

அந்தப் பெட்டிக்குள் இருந்த கல்யாண வீடியோவை அழித்தே இருக்கலாம். மனசு வரவில்லை. அதில் அவள் கூரைப்புடவை முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிடுகிறாள். அப்படி ஒரு காட்சியை எவனால் அழிக்க முடியும்?

அட்மின் பாஸ்வேர்டுக்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். என் பிறந்தநாள், பைக் நம்பர், குலதெய்வம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. யோசித்தேன், யோசித்தேன், மின்னலடித்தது. அப்பா பெயர்!

என் அப்பா பெயர் வெள்ளைச்சாமி. மாமனார் பெயரைப் பொற்கொடி சொல்லமாட்டாள். பெயரை மட்டுமா? பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் எதையும் சொல்லமாட்டாள். வெள்ளைப்பூண்டு அவளுக்கு 'ரசத்துப் பூண்டு'. வெள்ளைத் துணி 'சீக்கிரம் அழுக்காகுற கலரு'. ஜாக்கிரதை முற்றிப்போய் வெள்ளிக்கிழமையைக்கூட 'வியாழனுக்கு மறுநாள்' என்பாள். இவளாவது இந்தப் பூட்டைத் திறப்பதாவது!

பெருமை தாங்கவில்லை. அடுப்படிக்கே போய்ச் சொன்னேன்.

"பாஸ்வேர்டைக் கண்டுபிடி பாப்போம். கண்டுபிடிச்சாலும் ஒன்னால சொல்ல முடியாது!"

அவள் கரண்டியை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரித்தாள். பிறகு குழம்பைக் கிண்டினாள். எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நிலவழகன் வீடியோவில் வந்தான். சிரித்துச் சிரித்து அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மச்சான்! புகை அங்கிட்டுல்ல போகுது, நீங்க எதுக்கு இங்கிட்டு அழுகுறீங்க?"

சர்வரை நோக்கிப் பாய்ந்தேன். கல்யாண வீடியோ எல்லாச் சொந்தங்களுக்கும் திறந்து கிடந்தது. மூடலாம் என்றால் அட்மின் பாஸ்வேர்டு தப்பு என்றது.

"பொற்கொடி! எப்படிடீ?"

"நீங்கதானே சொன்னீங்க, என்னால சொல்ல முடியாதுன்னு. நான் சொல்லாத வார்த்தை ஒலகத்துல ஒண்ணுதானே இருக்கு?"

"மாமனார் மரியாதை என்னாச்சு?"

"வாயால சொல்லலையே. அங்கிட்டுத் திரும்பி மாமாவைக் கும்பிட்டுட்டு டைப் பண்ணுனேன்."

கூடத்தில் நாற்காலியில் இருந்த அப்பா, "ஆமாடா. கும்பிடுச்சு. என்னமோ நல்ல காரியம்னு நானும் ஆசீர்வாதம் பண்ணுனேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. என்ன மூளை! யூடியூபில் நான் நாள்கணக்காகக் கற்றதை இவள் ஒரு கும்பிடில் முடித்துவிட்டாள்.

"என் மானம் போச்சேம்மா" என்றேன்.

"போகட்டும். தெரியாத வீட்டுக்குப் போறோமேன்னு அன்னைக்கு நான் நடுங்கிப்போய் ஒக்காந்திருந்தேன். நீங்க அழுததைப் பாத்தப்புறந்தான் எனக்குப் பயமே போச்சு. அதை எதுக்குப் பூட்டி வக்கணும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த முறையும் புகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சரி, புதுப் பாஸ்வேர்டு என்ன?"

"ஒங்க வாயில இதுவரைக்கும் வராத வார்த்தை."

'மன்னிப்பு' போட்டேன். "அதுதான் தெனமும் வருதே" என்றாள். 'தோற்றேன்' போட்டேன். திறக்கவில்லை. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், 'மாட்டேன்'னு போட்டுப் பாரு."

இங்கிலீஷ் எழுத்தில் போட்டேன். திறந்துகொண்டது. மறுபடி நான் அட்மின்! வீடியோவை மூட விரலை நீட்டினேன்.

"தொறந்துருச்சா? அப்ப நீங்க அழுகுற எடத்தை மட்டும் தனியா வெட்டிக் குடுங்க. காதுகுத்தன்னைக்கு மண்டபத்துல பெரிய திரையில போடணும். விராலிமலை சனமெல்லாம் பாக்கட்டும்" என்றாள்.

பாஸ்வேர்டு கண்ணெதிரே இருந்தது. அதையே அவளிடம் சொல்லிவிடுவது என்று நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தேன்.

"சரி" என்றது வாய்.