சமவெளியில் கடல் புகுந்த காதை

வாழ்க தராசு! சரக்குக் கிடங்கின் எடைமேடைக் காவலன், பதினான்கு ஆண்டுகளாகப் பிறர் பொட்டலங்களின் பாரத்தைக் கிராம் பிசகாமல் உரைத்த வாய்மையாளன், 'அமெரிக்க இலக்கியம்' என்னும் ஒற்றைத் தாளிடம் நான்கு முறை புறமுதுகிட்டும் ஐந்தாம் முறை நீலமைப் பேனா ஏந்திப் புறப்பட்ட மானமிக்கோன், வாழ்க! பெற்றோர் இட்ட பெயர் நுழைவுச்சீட்டில் இருக்கிறது. கிடங்கில் 'தராசண்ணே' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான்.

வினா பிறக்குமுன்பே விடையை ஈன்றெடுக்கும் கருணைத் தாயே, கைடே! நூற்றெட்டுப் பக்கத் திருமேனியாளே! மூலநூல் என்னும் வீண்சுமையை அடியார் தோளிலிருந்து இறக்கிவைத்து, முக்கிய வினாக்களின் தலையில் மும்மூன்று நட்சத்திரம் சூட்டி, 'இதைப் படி, மற்றதை விடு' என்று அபயக்கரம் காட்டுபவளே! இந்தக் காதை தட்டுத் தடுமாறாமல் நடக்க நீயே துணை. தராசையும் நீதான் கைவிட்டாய் என்பதைப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம்.

பெரும் போர்கள் மண்ணுக்காகவும் பொன்னுக்காகவும் மூண்டன என்பர். இந்தப் போர் ஒரு கண்ணாடி அறைக்காக மூண்டது. கிடங்கின் நட்டநடுவே, புழுதியும் அட்டைப்பெட்டியும் வியர்வையும் அலைமோதும் பரப்பில், குளிரூட்டி முனக, சுழல்நாற்காலி வீற்றிருக்க, ஒளிவீசி நின்றது மேற்பார்வையாளர் அறை. பட்டம் பெற்றவர்க்கே அந்த நாற்காலி என்பது நிர்வாகத்தின் விதி. தராசிடம் வேலை கற்ற மூவர் அடுத்தடுத்து அதில் அமர்ந்து, கண்ணாடியில் மோதிரத்தால் தட்டி அவனையே கூப்பிட்டிருக்கிறார்கள். மற்றத் தாள்களெல்லாம் மண்ணைக் கவ்விவிட்டன, இஃதொன்றே மிச்சம். அடுத்த பருவத்தில் பாடத்திட்டம் மாறுகிறது. இன்று தோற்றால் மூன்றாண்டுப் படிப்பும் விழலுக்கு இறைத்த நீர், கண்ணாடி அறை சாகும்வரை கண்ணாடிக்கு அப்பால்தான்.

ஆகவே தவமிருந்தான். பாடத்தில் அமெரிக்கக் குறுநாவல்கள் இரண்டு. ஒன்று கடலில் நடப்பது, மற்றது வறண்ட சமவெளியில். கதை நிகழும் இடம் எவ்வாறு கருப்பொருளையும் குறியீட்டையும் உணர்த்துகிறது என்ற இருபது மதிப்பெண் வினாவுக்குக் கைடு கடலையே கைகாட்டிற்று. நட்சத்திரம் மூன்று, விடை நாலரைப் பக்கம். பதினாறு நாள், மனைவி அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்று அடியெடுத்துக் கொடுக்க, தராசு வாசற்படியில் அமர்ந்து ஒப்பித்தான். 'கடல் மனிதனின் தனிமை, அலை அவன் ஆசை, கலங்கரை விளக்கம் அவன் மனச்சாட்சி.' பத்தாம் நாளில் அவனுக்கு முன் அவள் ஒப்பித்தாள். பன்னிரண்டாம் நாள் உறக்கத்தில் அவள் "கலங்கரை விளக்கம்" என்று முனகியதைக் கேட்டு வீரன் உச்சி குளிர்ந்தான். சமவெளி நாவலை இருவருமே ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பத்து மணி. பரீட்சைக் கூடத்துக் காவலாளி தண்டவாளத் துண்டில் இரும்பால் அறைந்து போர்முரசு கொட்டினார். முப்பது பெஞ்சுகளில் முப்பது வீரர் குனிந்தனர். சுழலும் ஒரே மின்விசிறியின் கீழ் நாற்காலி இட்டு, செத்துப்போன மூன்று விசிறிகளின் அடியில் மற்றவர்களை வேகவிட்டு, கண்காணிப்பாளர் அம்மையார் எழுந்து அரசாணை முழங்கினார்.

"யாரும் திரும்பக் கூடாது! யாரும் பேசக் கூடாது! தண்ணி வேணும்னா கைய மட்டும் தூக்குங்க!"

சிறு வினாக்கள் தராசின் பேனா முனையில் கொத்துக்கொத்தாய்ச் சாய்ந்தன. ஐந்து மதிப்பெண் வினாக்கள் சற்றே முரண்டு பிடித்துப் பின் சரணடைந்தன. வெற்றிக்களிப்போடு தாளின் அடிவிளிம்புக்கு இறங்கினான். அங்கே, கருநாகம் போல் சுருண்டு கிடந்தது இருபது மதிப்பெண் வினா. வறண்ட சமவெளியும் ரயில் நிற்காத நிலையமும் கருப்பொருளையும் குறியீட்டையும் எவ்வாறு உணர்த்துகின்றன, விளக்குக.

வினாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்தோ! நாலரைப் பக்கக் கடல் நெஞ்சுக்குள் கொந்தளிக்க, இறங்குவதற்குக் கரையில்லாமல் தவித்தான் வீரன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மோதிரம் கண்ணாடியில் தட்டும் ஒலி காதில் கேட்டது. இருபது போனால் பாஸ் போயிற்று. கை தூக்கினான். தண்ணீர் வந்தது. ஒரு மிடறு குடித்தான். அந்த ஒரு மிடற்றில், பசுவைப் படித்துப் போனவனிடம் தென்னையைக் கேட்டால் பசுவைத் தென்னையில் கட்டுவதே முறை என்ற ஆன்றோர் நெறி அவன் உச்சந்தலையில் இறங்கியது. பேனாவை எடுத்தான். இலக்கிய உலகம் அதுவரை கண்டிராத முதல் வாக்கியத்தை எழுதினான்.

'இக்குறுநாவலில் கடல் இல்லை. அது இல்லாமலிருப்பதே இதன் கருப்பொருள்.'

மடை உடைந்தது! மனப்பாடம் செய்த வாக்கியங்களெல்லாம் அணிவகுத்து, ஒவ்வொன்றும் வாலில் ஓர் 'இல்லை'யைக் கட்டிக்கொண்டு, தாரை தப்பட்டை முழங்கச் சமவெளிக்குள் புகுந்தன. அலை இல்லை, ஆகவே ஆசை அடங்கிற்று. கலங்கரை விளக்கம் இல்லை, ஆகவே மனச்சாட்சி இருளில் கிடந்தது. படகு இல்லை, துடுப்பு இல்லை, மீன் அறவே இல்லை, ஆகவே மனிதன் வெறுங்கையன். வந்த கடற்பறவையை விடுவானேன் என்று அதையும் வழிதவறச் செய்து நிலையத்தின் கூரையில் கொண்டுபோய் உட்காரவைத்தான். மூன்று பக்கம் இவ்வாறு நனைந்தது.

நான்காம் பக்கத்தில் கடல் வற்றிவிட்டது. எஞ்சியது அந்த நிலையம் மட்டும். ரயில் நிற்காத நிலையத்தைப் பற்றிக் கைடு ஓர் எழுத்தும் சொல்லித் தரவில்லை. வெறுங்கையோடு நிமிர்ந்தவன் கண்ணில் அந்த மின்விசிறி பட்டது. அதன் கீழ் அம்மையாரின் புடைவைத் தலைப்பு பறந்தது. இங்கே முன்பெஞ்சுக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் இந்த அறையில் யார் யார் என்னென்ன என்பது, கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் எவனுக்கும் விளங்கும். இது அவனுக்குப் புதிதா என்ன? பதினான்கு வருடமாகத் தினம் எட்டு மணி நேரம் இதைத்தானே நின்றுகொண்டு படித்திருக்கிறான்!

மெதுவாக எழுதினான். 'ஓர் இடத்தில் யார் உட்கார்கிறார், யார் நிற்கிறார் என்று பார்த்தாலே போதும். மற்றதை அந்த இடமே சொல்லிவிடும். ரயிலுக்குள் இருப்பவர்க்கு அந்த நிலையம் ஒரு நொடி. மேடையில் நிற்பவனுக்கு அதுதான் ஆயுள். ரயிலை நிறுத்தச் சொல்லி அவன் கை காட்டுகிறான். உள்ளே இருப்பவர்கள் கண்ணாடி வழியாக அவனைப் பார்க்கிறார்கள். அவன் சும்மா கையை ஆட்டுகிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.'

எழுதியதை வாசித்துப் பார்த்தான். இது எந்தக் கைடிலும் இல்லை, யாரும் அடியெடுத்துக் கொடுக்கவில்லை. முப்பத்தொன்பது வயதில் முதன்முறையாக ஒரு கேள்வி என்ன கேட்கிறது என்று அவனுக்குப் புரிந்திருந்தது. அந்தச் சமவெளி நாவலை வாங்கிப் படித்துவிட வேண்டும் என்றுகூடத் தோன்றிற்று. பரீட்சைக்குப் போன எவனுக்கும் தோன்றக் கூடாத விபரீத ஆசை அது.

"அடிஷனல்!" என்று அவன் கர்ஜித்த கர்ஜனையில் அம்மையாரின் வார இதழ் மடியிலிருந்து நழுவிற்று. நூல் வாங்கித் தாள்களை இறுக்கிக் கட்டினான். இறுதி மணி ஒலித்தது. நாவல் எழுதியவரே எழுந்து வந்தாலும் தன் விடையில் அரை மதிப்பெண் குறைக்க முடியாது என்ற செம்மாப்போடு, நெஞ்சம் விம்ம, தோள்கள் பூரிக்க, சுழல்நாற்காலியின் சுழற்சியை இப்போதே இடுப்பில் உணர்ந்தவனாக, எடைமேடைக் காவலன் படியிறங்கினான்.

வாயிலில் குடையோடு நின்றிருந்தாள் மனைவி.

"கடல் வந்துச்சா?"

"வரல. நான் வரவெச்சுட்டேன்!"

வென்ற நாட்டின் கொடியைப் போல் வினாத்தாளை அவளிடம் நீட்டினான். மூன்று பக்கம் நனைந்த கதையையும், கூரையில் உட்கார்ந்த பறவையையும், நிலையத்தில் நின்றவனையும் அவன் கைகளை ஆட்டி ஆட்டி விவரித்துக்கொண்டிருக்க, அவள் முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள், பிறகு தாளைத் திருப்பினாள்.

"ஏங்க, பின்னாடி 'அல்லது'ன்னு போட்டு நம்ம கடல் இருக்கே."