ஐம்பது தாண்டினவங்க ஓட்டம்

மரக்காணம்,
தை, 1979

அன்புள்ள மச்சான் செல்வநாதனுக்கு, உன் அக்காள் புருஷன் அமிர்தராஜ் சொல்லச் சொல்லக் கோயில் உபதேசியார் அந்தோணிதாஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அக்கா ஞானமேரியும் எழுந்து நடமாடுகிறோம். புதுச்சேரி மில்லில் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். மூன்று வருஷமாக நீ பதில் போடாததால் வேண்டுதலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நிற்க. காமராஜர் காலமான மறு தையில் ஒரு சனிக்கிழமை ஆட்சியைக் கலைத்தார்களே, அதற்குப் பதினோராம் நாள் புதன்கிழமை நம்ம லூர்து மாதா திருநாள். அன்றைக்குத்தான் சாமியார் முதன்முதலாக ஐம்பது தாண்டினவங்க ஓட்டம் வைத்தார். கோயில் வாசலிலிருந்து உப்பளத்து மதகுவரை போய்த் திரும்ப வேண்டும். பேர் கொடுத்தது நான், நீ, உப்பளத்தில் என்னோடு வேலை செய்த இருசப்பன், மீன் வியாபாரி சகாதேவன், ஆக நாலே பேர். ஓட்டத்துக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த நீ, மில் ஆட்களுக்குப் பந்து விளையாடச் சொல்லித்தரும் மாஸ்டர் சொன்னது என்று ஒன்று சொன்னாய்.

"மாமா, நம்மளுது வேலை செய்யற ஒடம்பு. ஒரு நாள் ஓடு, ஒரு நாள் சும்மா இரு. சும்மா இருக்கிற அன்னைக்குத்தான் கால் தேறும்."

சும்மா இருந்தால் கால் தேறும் என்றால் கள்ளுக்கடை வாசலில் படுத்திருப்பவன் எல்லாம் குதிரையாக அல்லவா இருக்கணும் என்று நினைத்தேன். நானும் இருசப்பனும் தினம் வேலை முடிந்ததும் புதுசாகக் கட்டின உப்புப் பாத்தியில் இறங்கி ஓடினோம். கணுக்கால்வரை களிமண். முதலாளி வெங்கடாசலம் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, அந்த மூலையில இன்னும் ரெண்டு சுத்து ஓடுங்கப்பா, கால் நல்லா அழுந்தணும் என்று உற்சாகப்படுத்தினார். டீ வேறு வாங்கித் தந்தார். நம்ம ஓட்டத்து மேல இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று இருசப்பனுக்குக் கண் கலங்கிடுச்சு. பதினாலாம் நாள் போதும் என்றார். ஏன் என்று கேட்டோம். தரை இறுகிடுச்சு, நாளைக்குத் தண்ணி விடப்போறேன் என்றார். புதுப் பாத்தியை ஆறு ஆள் வைத்து மிதிக்க வேண்டிய வேலை அது மச்சான். ரெண்டு கிழவனுங்க சும்மாவே மிதிச்சுக் குடுத்துட்டோம். பக்கத்துப் பாத்தியும் காலியா இருக்குது என்றார். அதிலேயும் போய் ஓடினோம்.

திருநாள் அன்று என் கால் ரெண்டும் அடுத்தவன் கால் மாதிரி இருந்தது. மதகுகிட்ட உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. முன்னாடி போய்த் திரும்பி வந்த நீ ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கை நீட்டினாய்.

"எந்திரி மாமா, ரெண்டு பேரும் மெதுவா போலாம்."

நான் எழுந்திருக்கவில்லை. அப்படி நின்றும் நீதான் ஜெயித்தாய். சாமியார் கையால் நீ எவர்சில்வர் குடம் வாங்கும்போது ஊர் காதில் விழ ஒன்று சொன்னேன். அதை எழுத வேணாம் என்கிறார் உபதேசியார். எழுதும் என்கிறேன் நான்.

"விசிறிக்கு அடியில ஒக்காந்து சம்பளம் வாங்கறவன் ஜெயிக்காம, உப்பு வார்றவனா ஜெயிப்பான்?"

எட்டு மணி நேரம் நின்றுகொண்டே நூல் முடிகிற ஆள் நீ. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். குடத்தை உன் அக்கா கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினாய். அந்தக் குடத்தில் அவள் இன்றுவரை தண்ணீர் பிடித்ததில்லை. ஒவ்வொரு திருநாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி சேர்த்தே போடுகிறாள். யாருக்கு என்று நானும் கேட்பதில்லை.

இப்போது நீ சொன்னபடியே ஒரு நாள் ஓடுகிறேன், ஒரு நாள் சும்மா இருக்கிறேன். கால் தேறிவருகிறது. இந்த வருஷம் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது, உனக்கும் மில் லீவு. வந்து என்னை நேருக்கு நேர் ஜெயித்துக் காட்டு, பார்க்கலாம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உன் காலுக்கும் பெலன் தரட்டும்.

இப்படிக்கு,
அமிர்தராஜ் (கைநாட்டு)

பி.கு.: எழுதினதை வாசித்துக் காட்டிய உபதேசியார், பொய்யை என் கையால எழுத வெச்சிட்டியே என்று பேனாவை மூடிவிட்டார். கெஞ்சித் திறக்கவைத்திருக்கிறேன். நான் ஓடவில்லை மச்சான். ஐப்பசியிலிருந்து முட்டி மடங்கலை. பந்தயம் எல்லாம் ஒண்ணும் இல்லை. கோட்டில் வந்து நிற்க மட்டும் என்னால் முடியும். விசில் ஊதினதும் நீ ஓடு, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அன்றைக்குக் கோட்டில் நின்றவர்களில் சகாதேவன் போன வருஷம் மழையில் போயிட்டான். இருசப்பன் இந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் போயிட்டான். என்னை விட்டா மிச்சம் இருக்கிறது செல்வநாதன் ஒருத்தன்தான்.